மேனேஜர் கூப்பிடறாருங்க

சிரிப்பு வரத்தான் போகிறது. ஆனால் அவசரப்பட வேண்டாம். முதலில் பழனாயி ஏமாறட்டும்.

ஞாயிறு காலை ஒன்பதுக்கு, ரிட்டையரான சாயப்பட்டறை மாஸ்டர் ராசப்பனின் போன் அலறும். ஸ்பீக்கரில் போடுவார்.

"மாஸ்டர்... ஹ்ஹும்... கந்தப்பன் பேசறனுங்க. நேவி ப்ளூ ஷேடு ஒத்து வரலீங்க. துணி வாங்கற பையர் கத்தறான். நீங்க வந்தாத்தானுங்க ஆகும்!"

மூக்கடைப்பு, நடுநடுவே இருமல். அசல் டையிங் மேனேஜர்.

"ரிட்டையர் ஆனாலும் உடமாட்டீங்கறானுக," என்று மனைவி பழனாயி காதில் விழும்படி சலித்துக்கொண்டே பையைத் தூக்குவார்.

கந்தப்பனாவது, ஷேடாவது! பேசியது மொட்டைமாடியில் நிற்கும் மகள்வழிப் பேத்தி கவிப்பிரியா. பிளஸ் ஒன். பள்ளியில் அவள் மிமிக்ரியில் மாட்டாத வாத்தியார் இல்லை.

அப்புச்சி போவது வீரபாண்டிச் சாயப்பட்டறைக்கு அல்ல, வாட்டர்கலர் வகுப்புக்கு. அறுபத்திரண்டு வயதில், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளோடு பெஞ்சில்.

கலரில் அவரை அசைக்க முடியுமா? பட்டறையில் சாம்பிள் காட்டிய பழக்கத்தில் ஒரே தென்னையை ஏ, பி, சி என்று மூன்று ஷேடில் போட்டு நீட்டுவார். "எது அப்ரூவல்ங்க டீச்சரம்மா? உங்க வானத்துல மஞ்ச ரெண்டு பர்சன்ட் தூக்கலுங்க."

வீட்டில்தான் வாய் திறக்க முடியாது. மகள் அபிராமி ஓவியம் படிக்கிறேன் என்று அழுதபோது, "கலர் பூசுனா எவன் சம்பளம் குடுப்பான்?" என்று டெக்ஸ்டைல் டிப்ளமோவில் தள்ளியவர் அவர்தானே. எந்த முகத்தோடு சொல்வது?

இந்த ஞாயிறு வகுப்பில் கண்காட்சி. வாசலிலேயே அவர் படம்தான். கவிப்பிரியாவுக்கோ தொண்டை கட்டிச் சத்தமே வரவில்லை. எதிரில் உட்கார்ந்து சுடுதண்ணி குடித்துக்கொண்டிருந்தாள்.

"போச்சு கண்ணு," என்றார் மெல்ல.

ஒன்பது மணி. போன் அலறியது. கண்ணாடிகூடப் போடாமல் எடுத்தார்.

"மாஸ்டர்... ஹ்ஹும்... கந்தப்பன் பேசறனுங்க."

பேத்தியைப் பார்த்தார். அவள் 'நானில்லை' என்று தலையாட்டினாள். அப்படியானால் நிசக் கந்தப்பனா? பட்டறைக்கே போக வேண்டுமா?

"ஷேடு... ஒத்து வரலீங்களா?"

"அதெல்லாம் ஆச்சுங்க. இட்லி ஆறுது, தின்னுபோட்டுக் கெளம்புங்க. வெள்ளச் சட்டையே போடுங்க. சாயக்கறைன்னா முப்பத்தஞ்சு வருசமா எஞ் சோப்புக்குப் போனதில்லீங்க. இப்பத்திக் கறை தண்ணி பட்டதுமே போயிருது!"

ராசப்பன் மெதுவாக எழுந்து எட்டிப் பார்த்தார்.

அடுப்படியில் பழனாயி. காதில் போன், மூக்கைப் பிடித்தபடி ஒரு கை. பேத்திக்கு இந்த வித்தை எங்கிருந்து வந்தது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது.

அவரை நேராகப் பார்த்தபடியே, மூக்கை விடாமல், பழனாயி கடைசியாக ஒருமுறை இருமினாள்.

"மாஸ்டர், வாசல்ல அபிராமி வண்டியோட நிக்கறா. படத்த மொதல்ல அவளுக்குத்தானுங்க காட்டோணும்."