ஸ்கூட்டர் பரீட்சை

"வெளியில ஒட்டியிருக்கிற அட்டையைப் பார்த்தீங்க இல்ல?" என்றார் ஒர்க்‌ஷாப்காரர், ஸ்டூலை விட்டு எழுந்திருக்காமலே.

"பார்த்தேன்" என்றாள் அவள்.

'மெக்கானிக் உடனே தேவை' என்று அதில் எழுதியிருந்தது. 'உடனே' என்பதன் கீழே மட்டும் அழுத்தமாக இரண்டு கோடுகள்.

"பொம்பளை யாரும் வருவாங்கன்னு நெனைக்கல. பரவாயில்ல, வண்டிக்கு அதெல்லாம் தெரியவா போகுது? ஆனா ஒண்ணு, வாயால பேசறவங்களை நான் நம்பறதில்ல. கையில வேலை இருக்கணும்."

உள்ளே நுழைந்ததிலிருந்தே அவள் பார்வை மூலையில் நின்ற நீல ஸ்கூட்டரின் மேல்தான் இருந்தது.

"கண்ணு சரியான இடத்துக்குத்தான் போகுது" என்றார். "அதுதான் உங்களுக்குப் பரீட்சை. உதைச்சா கிளம்பாது. நானே வேணும்னு ஒரு கோளாறு பண்ணி வச்சிருக்கேன். கண்டுபிடிச்சுக் கிளப்புங்க, பார்க்கலாம்."

அத்தனையும் பொய். வாரக்கணக்காக அந்த வண்டி அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது. பிளக்கை மாற்றியாயிற்று. கார்புரேட்டரைக் கழுவியாயிற்று. கெஞ்சியும் பார்த்தாயிற்று. இருந்த ஒரே மெக்கானிக்கும் வேலையை விட்டுப் போய்விட்டான்.

அவள் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள்.

"நீங்களே பண்ணின கோளாறா?"

"நானேதான்."

"வண்டிக்காரங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அதை ஏன் கேக்கறீங்க! வண்டியைக் கொண்டாந்து விட்ட அண்ணன்காரர் தங்கமான மனுஷன். தங்கச்சிதான்..."

"தங்கமா?" என்று அவள் சட்டென்று திரும்பினாள்.

"சொக்கத் தங்கம். அந்தம்மா இருக்கே, வாயா அது? போன் வந்தா என் வீட்டுக்காரி கையில குடுத்துட்டு நான் குளிக்கப் போயிடுவேன். இன்னிக்குச் சாயங்காலம் நேர்ல வருதாம். வண்டி ஓடலைன்னா எதிர்க் கடைக்குத் தள்ளிக்கிட்டுப் போயிடுமாம்."

"போனாப் போகட்டுமே."

அவர் குரலைத் தாழ்த்தினார். "எதிர்க் கடை என் மச்சினனோடது. அதோ, டீயை வச்சுக்கிட்டு இங்கேயே பார்க்கறான் பாருங்க. அவன் கையில இந்த வண்டி கிளம்பிச்சுன்னா அவ்வளவுதான். 'என் தம்பி ஒரே உதையில கிளப்பினான்'னு என் பொண்டாட்டி சாகற வரைக்கும் சோத்தோட சேர்த்துப் போடுவா."

அவள் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிளக்கைக் கழற்றி முகர்ந்தாள்.

"நனைஞ்சிருக்கு. பெட்ரோல் வருது, எரியத்தான் மாட்டேங்குது." பிளக்கை அதன் மூடியில் செருகி, இன்ஜின் இரும்போடு ஒட்டிப் பிடித்தாள். "உதைங்க."

உதைத்தார். மறுபடி உதைத்தார்.

"பொறியே வரல."

"அப்படியா!" என்று துள்ளியவர், உடனே தொண்டையைச் செருமிக்கொண்டார். "வராது. பரீட்சை ஆச்சே."

"பிளக் புதுசா இருக்கு?"

"நான்தான் மாத்தினேன். அதாவது... உங்களைக் குழப்பறதுக்காக."

அவள் கீழே பார்த்து ஏதோ முணுமுணுத்துக்கொண்டாள்.

"தொழில் யார்கிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. நடுரோட்டுல நின்னு நின்னு கத்துக்கிட்டேன்."

"ஆஹா! அனுபவம்னா அதுதான்!"

அவள் ஹேண்டிலை இடப்பக்கம் திருப்பி உதைக்கச் சொன்னாள். ஒன்றும் இல்லை. நேராக வைத்தாள். ஒன்றும் இல்லை. வலது கோடிவரை திருப்பினாள். பிளக் முனையில் 'சட்'டென்று ஒரு நீலப் பொறி தெறித்தது.



"சாவியிலேருந்து வர்ற ஒயர் ஹேண்டில் கழுத்துக்குள்ள எங்கயோ உரசுது" என்றாள். "தோல் உரிஞ்சு இரும்புல பட்டா, சாவியை அணைச்ச மாதிரிதான். வலது பக்கம் திருப்பினா மட்டும் விலகிக்குது."

முன்பக்க மூடியைக் கழற்றினாள். உள்ளே, சட்டத்தின் விளிம்பில், கறுப்பு ஒயர் ஒன்று செம்பு தெரியப் பல்லிளித்துக்கொண்டிருந்தது.

"இதுதானே நீங்க பண்ணினது?"

"இதேதான்! இதே இடம்தான்!"

"பல வருஷமா உரசித் தேஞ்ச மாதிரியே பண்ணியிருக்கீங்க."

"எதைச் செஞ்சாலும் திருத்தமாச் செய்யணும்மா" என்றார் அவர் அடக்கத்தோடு.

டேப்பைச் சுற்றி, ஒயரை விளிம்பில் படாமல் ஒதுக்கிக் கட்டினாள். மூடியை மாட்டி, பிளக்கைத் துடைத்து முடுக்கினாள். ஒரே உதை. புகையைக் கக்கிக்கொண்டு வண்டி உறுமியது.

ஒர்க்‌ஷாப்காரர் வாசலுக்கே ஓடினார். "கிளம்பிடிச்சு! நம்ம கடையில, நம்ம ஆளு கையில!" என்று தெருவைப் பார்த்துக் கத்தினார். எதிர்ப்பக்கம் டீ கிளாஸோடு மச்சினன் மெல்ல உள்ளே போவதைப் பார்த்தபிறகுதான் திரும்பினார். அவர் முகத்தில் அப்படி ஒரு களை.

"வேலை உங்களுக்குத்தான், மறுபேச்சே இல்ல. நாளைக்குக் காலையிலேயே வந்துடுங்க."

அவள் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு, இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். வண்டி நிற்கவில்லை.

"ஓட்டிப் பார்க்கப் போறீங்களா? தெருமுனை வரைக்கும் போயிட்டுச் சட்டுனு திரும்பிடுங்க. அந்தம்மா வர்ற நேரம், வண்டி இல்லைன்னா என்னைக் கடிச்சுத் துப்பிடும்."

"அந்தம்மா வந்து, பரீட்சையும் எழுதிட்டு, வண்டியை எடுத்துக்கிட்டுப் போயாச்சுன்னு உங்க வீட்டுல சொல்லிடுங்க" என்றபடி அவள் ஸ்கூட்டரைத் தெருவில் இறக்கினாள்.