ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்

"உங்க பொண்ணுதான் இந்த வாரமும் கடைசி."

கணக்கு டீச்சர் சொன்னதும் அம்மாவுக்குச் சுருக்கென்றது. கம்ப்யூட்டர் அறை வாசலில் மகள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள்.

"ஒரு கம்ப்யூட்டருக்கு ரெண்டு பேர். சேர்ந்து பாடம் கேட்டு, விடை போடணும். மத்த ஜோடியெல்லாம் வட்டம், முக்கோணம்னு போயாச்சு. இவங்க மட்டும் இன்னும் பின்னத்துலயே நிக்கறாங்க. தப்பு விடையைத் தட்டறதெல்லாம் உங்க பொண்ணுதான்!"

அம்மா பொரிந்து தள்ளினாள். "எல்லாம் சகவாச தோஷம் மிஸ்! அந்தப் புதுப் பொண்ணு பக்கத்துல உட்கார்ந்ததுலேர்ந்துதான் இப்படி. முதல்ல இடத்தை மாத்துங்க!"

மகள் வெடுக்கென்று நிமிர்ந்தாள். "வேண்டாம்மா!"

"நீ வாயைத் திறக்காதே. வீட்டுக்கு வா, இருக்கு உனக்கு."

டீச்சர் வாசலுக்கு வெளியே இருந்த தன் மேஜைக் கம்ப்யூட்டரில் அதே பின்னக் கணக்குகளை எடுத்தார். "எங்கே, தனியாப் போடு பார்க்கலாம்."

மகள் மடமடவென்று தட்டினாள். எல்லாமே சரி. டீச்சர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அப்போதும் சரிதான்.

"அப்புறம் ஏன்டி அங்கே தப்புத் தப்பாப் போட்டுத் தொலைக்கிறே?" என்றாள் அம்மா.

மகள் அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"சரியாப் போட்டா கம்ப்யூட்டர் அடுத்த பாடத்துக்குத் தாவிடும்மா. தப்பாப் போட்டாதான் திரும்ப முதல்லேர்ந்து சொல்லித் தரும். அவளுக்கு இன்னும் புரியலை. உங்ககிட்ட கேட்கவும் பயம் மிஸ். தயவுசெஞ்சு அவகிட்ட சொல்லிடாதீங்க."

டீச்சர் மெல்லத் தலையாட்டினார்.

அம்மா போட்ட சத்தம் உள்ளே கேட்டிருக்க வேண்டும். அந்தப் புதுப் பெண் தயங்கித் தயங்கி வெளியே வந்தாள்.

"ஆன்ட்டி, அவளைத் திட்டாதீங்க. இடத்தையும் மாத்தாதீங்க. திரும்பத் திரும்பக் கேட்டதுல எனக்கு இன்னிக்குத்தான் நல்லாப் புரிஞ்சுது. இனிமே நான் அவளுக்குச் சொல்லித் தர்றேன்!"

அம்மாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. மகளைப் பார்த்தாள். கண் கலங்கியது. சமாளித்துக்கொண்டு, அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தட்டினாள்.

"நீதாம்மா பொறுமையாச் சொல்லித் தரணும். எங்க வீட்டுப் பொண்ணுக்கு எதுவும் சட்டுன்னு மண்டையில ஏறாது!"