ஜோடி மாத்துங்க

புருஷனைப் பிரிந்து எங்கள் மாடிவீட்டுக்குத் தனியாகக் குடிவந்த மருந்துக்கடைக்காரி, சனிக்கிழமை தவறாமல் சல்சா என்னும் ஜோடி நடனம் கற்றுக்கொள்ளப் போகிறாள் என்றதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. யாரோ ஒருத்தன் இருக்கிறான்!

"மூட்டுவலிக்கு நல்லதாமே, நானும் வர்றேன்" என்று ஒட்டிக்கொண்டேன்.

அங்கே ஒரே சட்டம். இரண்டு நிமிடத்துக்கொருமுறை மாஸ்டர் கைதட்டி, "ஜோடி மாத்துங்க!" என்பார். எதிரே யார் வந்தாலும் கை கொடுக்க வேண்டும்; மாட்டேன் என்று சொல்லக்கூடாது.

எல்லார் கையையும் அவள் துணிக்கொடிக் கயிற்றைப் பிடிப்பதுபோலத்தான் பிடித்தாள். கடைசியாக வந்த வழுக்கைத்தலையரிடம் மட்டும் ஒரு அடிகூடத் தப்பவில்லை. ஆனால் இருவர் முகத்திலும் ஈயாடவில்லை.

திரும்பும் வழியில் பிடித்துக்கொண்டேன். "அந்த வழுக்கைதானேடி ஆளு?"

"ஆமாக்கா."

"உன் புருஷனுக்குத் தெரிஞ்சா என்னடி ஆகும்?"

"அவர்தான்க்கா என் புருஷன். ஃபோன எடுக்கமாட்டாரு, வீட்டுக்குப் போனா கதவத் திறக்கமாட்டாரு. இங்கன்னா கை கொடுத்துத்தானே ஆகணும்?"

நடையைக் குறைத்துக்கொண்டு கேட்டேன்.

"இன்னிக்கு ஏதாவது பேசினாரா?"

"ம். எல்லார்கிட்டயும் சொல்ற மாதிரி, 'தேங்க்ஸ்ங்க'ன்னாரு."