இரண்டாம் பாகம் வேண்டாம்

“இந்த ஏழு பேரும் யாரு?” என்று கேட்டார் நூலகர் அம்மா.

எதிரே நின்ற லிஃப்ட் மெக்கானிக், தோளில் தொங்கிய கருவிப் பையைச் சரிசெய்துகொண்டார்.

அந்த நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் ஒரு வெள்ளைத் தாள் ஒட்டியிருக்கும். படித்தவர்கள் தங்கள் கருத்தை அதில் எழுதலாம். நூலகர் அம்மா வேலைக்குச் சேர்ந்த வருஷம் கொண்டுவந்த ஏற்பாடு. அதில் யாராவது விளையாடினால் அவருக்குப் பொறுக்காது.

மேஜைமேல் கிடந்தது மூன்று பாகமாக வந்த ஒரு மாயாஜால நாவலின் இரண்டாம் பாகம். தாளைச் சத்தமாகவே படித்தார்.

“‘சரியான அறுவை. நேராக மூன்றாம் பாகத்துக்குப் போகவும் - ஓய்வுபெற்ற ஆசிரியர்.’ ‘ஜவ்வாக இழுக்கிறது - இல்லத்தரசி.’ ‘டிராகன்கூடக் கொட்டாவி விடுகிறது - கல்லூரி மாணவி.’ இப்படி ஏழு. ஆனா இந்தப் புத்தகம் வந்ததிலேர்ந்து எடுத்துட்டுப் போனது நீங்க ஒருத்தர்தான். கல்லூரி மாணவி நீங்கதானா?”

“ஆமா மேடம்.”

“ஒருத்தர் கஷ்டப்பட்டு எழுதினதை ஏழு தடவை கொல்லணுமா? அவர்மேல உங்களுக்கு அப்படி என்ன கோபம்? உங்க கார்டை ரத்து பண்ணப் போறேன்.”

“பண்ணிக்குங்க மேடம். தாளை மட்டும் கிழிச்சுடாதீங்க. என் வீட்டுக்காரி எந்தப் புத்தகம் எடுத்தாலும் முதல்ல அதைத்தான் பார்ப்பா.”

“பார்த்தா என்ன?”

மெக்கானிக் பையைக் கீழே வைத்தார்.

“எங்களுக்கு ஒரு பொண்ணு பிறந்தா மேடம். பதினோரு நாள் இருந்தா.”

நூலகர் அம்மா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“அப்புறம் எட்டு மாசம் என் வீட்டுக்காரி சேர்ந்தாப்புல நாலு வார்த்தை பேசலை. இந்தக் கதையோட முதல் பாகத்தைப் படிக்க ஆரம்பிச்சப்புறம்தான் வாயே திறந்தா. தினமும் சாப்பிடறப்போ கதை சொல்லுவா. ஒருநாள், ராணி முழுகாம இருக்கான்னு சொன்னா. எனக்குத் திக்குனு ஆயிடுச்சு. அதான் ரெண்டாவதை நான் முந்திக்கிட்டு எடுத்துட்டுப் போனேன். படிப்புக்கும் எனக்கும் ரொம்ப தூரம். எழுத்துக் கூட்டி ஒரு மாசம் படிச்சேன். பயந்த மாதிரியே அந்தக் குழந்தை போயிடுது.”

“புத்தகம் அவ்வளவு மோசமாவா இருக்கு?”

“ரொம்ப நல்லா இருக்கு மேடம். அதான் பயம்.”

நூலகர் அம்மா கார்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் மெக்கானிக்கின் மனைவி முதல் பாகத்தைத் திருப்பித் தர வந்தாள். இத்தனை வருஷ வேலையில் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் பொய் சொன்னதில்லை என்பதில் நூலகர் அம்மாவுக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. அதை அன்றைக்கு ஓரமாக வைத்தார்.

“ரெண்டாவது வேண்டாம்மா. ஒரே அறுவை. மூணாவதை எடுத்துக்கோ.”

அவள் இரண்டாம் பாகத்தை எடுத்துப் பின்னட்டையைப் பார்த்தாள். லேசாகச் சிரித்தாள்.

“ஏழும் அவர் கையெழுத்து மேடம். நான் இதை ஏற்கெனவே படிச்சுட்டேன்.”

நூலகர் அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “எப்பம்மா?”

“ஒரு மாசம் அவர் பையிலதானே இருந்துச்சு? அவர் குளிக்கப் போறப்போ, கடைக்குப் போறப்போன்னு பத்துப் பத்துப் பக்கமா படிச்சேன். படிச்சேன்னு அவர்கிட்ட சொல்லிடாதீங்க.”

“அந்தக் குழந்தை... உனக்குக் கஷ்டமா இல்லையாம்மா?”

“அழுதேன் மேடம். ஆனா அதைவிடப் பெரிய கஷ்டம் ஒண்ணு எனக்கு இருந்துச்சு. எங்க பொண்ணு போனப்போ அவர் கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வரலை. மறுநாளே பையை மாட்டிக்கிட்டு வேலைக்குப் போயிட்டார். இப்படி ஒரு கல்லோட எப்படிக் குடும்பம் நடத்துறதுன்னு மனசு விட்டுப்போச்சு. அம்மா வீட்டுக்கே போயிடலாம்னு துணியெல்லாம் எடுத்து வெச்சிருந்தேன்.”

“இப்போ?”

“திரும்ப அலமாரியில வெச்சுட்டேன்.”

அவள் புத்தகத்தைப் புரட்டினாள்.

“லிஃப்ட்ல ஒவ்வொண்ணா சரிபார்த்து முடிச்சதும் நோட்டுல பென்சிலால ஒரு டிக் போடுவார் மேடம். அந்தப் பழக்கம் விடலை. ஒரு பக்கத்தை ஒரு தடவை படிச்சா ஒரு டிக். எல்லாப் பக்கத்துலயும் ஒண்ணுதான் இருக்கு. இதை மட்டும் பாருங்க.”

ராணி தன் குழந்தையை மண்ணில் வைக்கும் அந்தப் பக்கத்தின் ஓரத்தில் பதினேழு டிக் இருந்தது.