ஐந்து பேருக்கு ஒரு விதை

கிருத்திக்கின் பித்தக்குழாயில் புற்றுநோயை எரித்துக்கொண்டிருந்த கதிர்வீச்சு விதை அவனுக்கு மட்டுமானது அல்ல. ஐந்து பேருக்கு ஒரு விதை என்பதால்தான் பவானியில் கூலிவேலை செய்பவர்களுக்கும் அந்த வைத்தியம் எட்டியது. கண்ணில் மஞ்சள் போனதும் விதையை எடுத்து அடுத்தவருக்கு வைப்பார்கள். மஞ்சள் போய்விட்டது என்று வீட்டுக்காரர்கள்தான் ஆஸ்பத்திரிக்குச் சொல்ல வேண்டும்.

அடுத்தவர் தாரணியின் கணவர். தாரணி செவ்வாய்தோறும் இளநீரோடு வந்து, கட்டிலோரம் நின்று கிருத்திக்கின் கண்களைப் பார்ப்பாள்.

அவை வெளுத்த அன்றே அவன் மனைவி நிவேதா ஜன்னல்களைச் சாத்தி, அறையில் மஞ்சள் பல்பு மாட்டிவிட்டாள். விதை இன்னும் கொஞ்ச நாள் உள்ளே இருந்தால் நோய் திரும்பாது என்று நினைத்தாள்.

“இன்னும் போகலீங்களாக்கா?”

“இல்ல கண்ணு. அடுத்த வாரம் பாக்கலாம்.”

ஆறு செவ்வாய்கள் இப்படியே போயின. ஏழாவது செவ்வாய் தாரணி வரவில்லை. போன்தான் வந்தது.

“அக்கா, இனி நீங்க அவசரப்பட வேண்டாமுங்க. அவரு வெள்ளிக்கெழமையே போயிட்டாருங்க. அண்ணனப் பதனமா பாத்துக்கங்க.”

நிவேதாவுக்கு அழுகை வரவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி, மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டுப் பழைய வெள்ளை பல்பை மாட்டினாள்.

“ஏன், அந்தப் புள்ள வரலியா?” என்று கிருத்திக் நிமிர்ந்து பார்த்தான்.

வெள்ளை வெளிச்சத்திலும் அவன் கண்கள் மஞ்சளாகவே இருந்தன. எத்தனை செவ்வாய்களாக அப்படி இருந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை.