திருகாத குமிழ்

ரெஷ்மா எழுதிய புரோகிராமை, கம்ப்யூட்டர் சொல்படி இரும்பு சீவும் பட்டறையின் சி.என்.சி. மெஷின் அப்படியே ஓட்டியதாகச் சரித்திரமே இல்லை. இரும்பை வளைவாகச் சீவும் இடம் வந்தால் போதும், ஆபரேட்டர் பகவதிப்பெருமாளின் கை தானாகப் போய் வேகக் குமிழைக் கூட்டித் திருகிவிடும்.

"வளைவுன்னா பொன்முடி மலை ஏறுற பஸ் மாதிரி ஊர்ந்துதான் எழுதுவியா மோளே? எதுக்கு இவ்வளவு பயம்?"

"உங்க கைராசி எனக்கு வருமா அண்ணாச்சி?" என்று அவள் சிரிப்பாள்.

சீவி முடித்த இரும்புத் துண்டு கண்ணாடி போல வழவழவென்று வந்து விழும். அவருக்குப் பெருமையில் தலைகால் புரியாது.

அன்று விழிஞ்ஞத்திலிருந்து படகு எஞ்சின் கம்பெனிக்காரர் சோதனை ஓட்டம் பார்க்க வந்திருந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் வருஷம் முழுக்க ஆர்டர்.

"எழுதினபடியே ஓடட்டும். குமிழ்ல கை வைக்கப்படாது, கேட்டீரா?" என்றார் முதலாளி.

பகவதிப்பெருமாள் கையைக் கட்டிக்கொண்டார். நேர்கோட்டில் பறந்த மெஷின் வளைவில் ஆமையாக ஊர்ந்தது. கம்பெனிக்காரர் கொட்டாவி விட்டார். இப்போதாவது தன் அருமை தெரியட்டும் என்று பகவதிப்பெருமாள் மீசைக்குள் சிரித்துக்கொண்டார்.

ரெஷ்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏன் அண்ணாச்சி திருகாம நிக்கிய?"

"நீ எழுதினபடியே ஓடணும்னு முதலாளி உத்தரவு."

"ஐயோ! நீங்க திருகினதும் சரியான வேகம் வரட்டும்னுதானே நான் எப்பவும் வளைவுல குறைச்சு எழுதுறேன்!"