டெமாரியஸின் கடைசி ஆட்டம்

“பதிமூணு சீசன் ஓடின காலும்மா. இனிமே அந்த வேகம் வராதுன்னு சொல்லிட்டாங்க” என்று மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே லைல் ஹோஸ்டெட்லர் கண் கலங்கினார்.

நர்ஸ் பதறிப்போய்க் கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். “சார், இதுல பித்தப்பைக் கல்லுன்னு இல்ல போட்டிருக்கு?”

“பித்தப்பை இவரோடதுதான். கால் டெமாரியஸோடது” என்றாள் லைலின் மனைவி கொரின், பத்திரிகையிலிருந்து தலையைத் தூக்காமல்.

“டெமாரியஸ் உங்க பையனா?”

“இவருக்கு அப்படித்தான் நெனப்பு. அவன் இருக்கிறது கம்ப்யூட்டருக்குள்ள.”

டெமாரியஸ் கிரேவ்ஸ், லைல் உட்கார்ந்து உண்டாக்கிய அமெரிக்க ஃபுட்பால் வீரன், அதாவது பந்தைக் கையால் பிடித்துக்கொண்டு ஓடுகிற ஃபுட்பால். இவரைப் போல முந்நூறு பேர் ஆளுக்கொரு வீரனைச் செய்து இணையத்தில் ஒரு லீக் நடத்தினார்கள். தன் ஆள் எப்படி ஆட வேண்டும் என்று ஆட்டத்துக்கு முன்னால் உத்தரவு அனுப்பிவிட்டால், ஆடுவது ஒரு புரோகிராம். அதற்கப்புறம் முகம் தெரியாமல், புனைபெயரில் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வது மட்டும்தான் மனிதர்களுக்கு மிச்சம்.

டெமாரியஸ் கார்னர்பேக். எதிரணியில் பந்து பிடிக்க ஓடுகிறவனை அட்டை மாதிரி ஒட்டிக்கொண்டு ஓடி, அவனுக்கு வருகிற பந்தைப் பறிப்பது தொழில். அறுபது பந்து பறித்திருந்தான். லீகின் சாதனையும் அறுபதுதான். இன்று பன்னிரண்டு மணிக்கு நடக்கும் ஆட்டம் அவனுக்குக் கடைசி. இன்னும் ஒன்று பறித்தால் சாதனை அவனுக்கே சொந்தம், இல்லாவிட்டால் எவனோ ஒருவனோடு பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அந்த நினைப்பு லைலுக்குக் கல்லைவிட அதிகமாக வலித்தது.

வீரன் தேற வேண்டுமானால் வாரா வாரம் கட்டுரை எழுதிப் புள்ளி சம்பாதிக்க வேண்டும் என்பது அந்த லீகின் சட்டம். லைல் டெமாரியஸைப் பற்றி நூற்றுப் பதினேழு கட்டுரை எழுதியிருந்தார். அதே காலத்தில் கொரினுக்கு எழுதியது ஒரே ஒரு பிறந்தநாள் அட்டை. அதிலும் கையெழுத்து மட்டும்.

இன்று டெமாரியஸ் துரத்த வேண்டியது ‘சோம்பேறிக் கரடி’ என்ற புனைபெயர்க்காரரின் ஆளை. லைலுக்கும் கரடிக்கும் பழைய பகை. கரடி விடிகாலையில் நாலு வசவு எழுதிவிட்டுப் போனால் சாயங்காலம் வரைக்கும் தலையே காட்டாது. பகலெல்லாம் தூங்குகிறவன், வேலைவெட்டி இல்லாதவன், அம்மா வடித்துக் கொட்டுவதைத் தின்கிறவன் என்று லைல் துப்புத் துலக்கி, அதையே மூன்று கட்டுரையாக எழுதிப் புள்ளியும் வாங்கிவிட்டார்.

திரையை விலக்கிக்கொண்டு மயக்க மருந்து டாக்டர் வந்தார். ஐம்பது வயது அம்மாள், பச்சைத் தொப்பி, மூக்கு நுனியில் கண்ணாடி.

“கடைசியா எப்போ சாப்பிட்டீங்க?”

“ஒரு நிமிஷம் டாக்டர், இதை அனுப்பிட்டுச் சொல்றேன்” என்று லைல் ஃபோனில் மூழ்கினார்.

“அப்படி என்ன அவசரம்?”

“கேக்காதீங்க டாக்டர்” என்றாள் கொரின். “கேட்டா சொல்லிடுவாரு.”

சொன்னார். பதிமூன்று சீசனையும் சொன்னார். “உங்களுக்கெல்லாம் ஃபுட்பால் அவ்வளவா புரியாது, சுருக்கமா சொல்றேன்” என்று சொல்லிவிட்டு விரிவாகச் சொன்னார்.

“சொல்லுங்க, தெரிஞ்சுக்கறேன்” என்றபடி டாக்டர் அவருக்கு ரத்த அழுத்தம் பார்த்தார்.

“இன்னிக்கு எதிரா வர்றது சோம்பேறிக் கரடின்னு ஒரு தண்டம். அவன் ஆளு எப்பவும் கிட்டப் பந்துதான் பிடிப்பான். அதனால டெமாரியஸை அவன் மூக்குக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். முதுகுப் பக்கம் மொத்தமும் காலி. தூரப் பந்து போட்டான்னா மானம் போயிடும். ஆனா அந்த மண்டைக்கு அதெல்லாம் எங்கே தோணப்போகுது?”

“யார்கிட்டயும் சொல்லலியே?”

“சொல்வேனா? பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடல.”

“அந்த ஒரு புண்ணியம் பண்ணியிருக்காரு” என்றாள் கொரின்.

லைல் பொத்தானை அழுத்தினார். போய்ச் சேர்ந்தது என்று பதில் வந்ததும் முகத்தில் அப்படியொரு நிம்மதி. நர்ஸ் அவரிடமிருந்து ஃபோன், கைக்கடிகாரம், கல்யாண மோதிரம் எல்லாவற்றையும் வாங்கிக் கொரினிடம் கொடுத்தாள். அதில் ஃபோனைக் கழற்றத்தான் சிரமப்பட்டாள்.

“உங்க எடைக்கு மருந்து அளவைச் சரிபார்த்துட்டு வர்றேன். ரெண்டே நிமிஷம்” என்று டாக்டர் வெளியே போனார்.

கொரின் கட்டில் அருகே வந்து அவர் நெற்றியைத் தடவினாள். கண் நிறைந்துவிட்டது. “பயப்படாதே லைல், நான் இங்கேயேதான் இருப்பேன்.”

“பன்னெண்டு மணி ஆட்டத்தைப் பார்த்து வைக்கிறியா?”

கொரின் கையை எடுத்துக்கொண்டாள்.

ஆபரேஷன் அறையில் விளக்குகள் பளீரென்று எரிந்தன. டாக்டர் தலைமாட்டில் நின்று அவர் முகத்தில் மாஸ்க்கைப் பொருத்தினார்.

“டாக்டர்” என்றார் லைல் உள்ளேயிருந்து. “நான் முழிக்கும்போது அறுபத்தொண்ணு ஆகியிருக்கும், பாருங்க.”

டாக்டர் குனிந்து அவர் காதோடு சொன்னார். “இப்பத்தான் என் ஆளைத் தூரப் பந்துக்கு மாத்திட்டு வந்தேன். பத்துலேருந்து கீழ எண்ணுங்க.”